டோர்ச் அடிச்சு எடுத்த கோரல்

நானா, நான் வாங்கிட்டு வந்த புதுக் கோரல எவ்வளவு தள்ளி வெச்சாலும் அது நூடுல்ஸ் மாதிரி கைய நீட்டி உங்க காளான் கோரலக் கொட்டுது.

நம்ம சின்ன மீன் தொட்டிக்குச் சாதுவான பவளம் ஒண்ணு எடுக்கத்தான் சொன்னீங்க. நான் கடைல, வாப்பா மாணிக்கக் கல்லுப் பாக்குற மாதிரி, டோர்ச் அடிச்சுப் பாத்தேன். இதுதான் நல்லா மின்னிச்சு, வெடிப்பும் இல்ல. கல்லு பக்கத்துல இருக்கறதக் கொட்டும்னு வாப்பா சொல்லவே இல்லயே.

டியூஷனுக்குப் போறேன். சோறு மூடி இருக்கு. சாப்பிட்டுட்டு ஏசுங்க.

உங்க தங்கச்சி நப்லா

மறந்துட்டேன்: கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம். வெளிய எடுத்தா செத்துரும். உங்களது பாதி வெளுத்துட்டுது, ஆனா இன்னும் விரியுது. இது வந்து ஒரு நாள்தான், இதுவும் பாவம். ரெண்டுல எத வெளிய எடுக்குறது நானா?