வேணும்னு தோணல

மாமா,

இன்று காலை ஒரு வேலையாகச் சிதம்பரம் வந்திருந்தேன். கீழ வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையைத் தாண்டும்போது சுட்ட கத்திரிக்காய் கொத்சு வாசம் வந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன். நீங்கள் எங்களை விட்டுப் போன நாளிலிருந்து எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்வதில்லை.

இந்தக் கொத்சுக்காகவே செம்மண்டலத்திலிருந்து அக்காவைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்த மனிதர் நீங்கள். "கிளம்பு மச்சான்" என்று போன் வரும்போதே வண்டிச் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் போன் நின்றுபோனது. நாள் முழுக்க நாற்காலியில் இருந்தீர்கள். எதிரில் டிவி ஓடும், நீங்கள் பார்க்கமாட்டீர்கள். எதைக் கேட்டாலும் "அப்பறம் பாக்கலாம்" என்பீர்கள். அக்காவுக்கு ஆத்திரம். "வேலைக்குப் போன வரைக்கும் நல்லா இருந்தாருடா. இப்ப சோம்பேறி ஆயிட்டாரு" என்றாள். ஒருநாள் நானே கொத்சு வாங்கி வந்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டீர்கள்.

"நல்லா இருக்கா மாமா?"

"ரொம்ப நல்லா இருக்கு மச்சான். ஆனா வேணும்னு தோணல. எழுந்திருக்கணும்னு தெரியுது. எழுப்பி வுடறதுக்கு உள்ள ஆளு இல்ல."

வலது கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். பார்க்கின்சன் என்றார். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறைந்துகொண்டே வருகிறது, அதனால் கை கால் மட்டும் தளரவில்லை என்று விளக்கினார். "ருசி தெரியும். ஆனா அந்த ருசிக்காக மெனக்கெடணும்ங்கிற உந்துதல் வராது. சோம்பேறின்னு திட்டாதீங்கம்மா." அக்கா புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

மாத்திரை ஆரம்பித்த சில மாதங்களில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. தூண்டிலைத் தொட்டே பார்க்காதவர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்து நீங்களும் ஒன்று வாங்கினீர்கள். அக்காவையும் மணலில் உட்காரவைத்து ஓயாமல் கதை பேசினீர்கள். "கல்யாணம் ஆன புதுசுல கூட இவரு இவ்ளோ பேசலடா" என்று சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். பிடித்த மீனைக் கரையிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவீர்கள்.

"அப்பறம் எதுக்கு மாமா இவ்ளோ பாடு?"

"மீனு பெரிசு இல்ல மச்சான். தூண்டில் நரம்பு லேசா ஒரு இழுப்பு இழுக்கும் பாரு, இதோ மாட்டப்போவுதுன்னு. அந்த ஒரு நேரந்தான்."

பிறகு அந்த ஒரு நேரமே எல்லாமும் ஆனது. சாப்பாடு மறந்தது, வெயில் உறைக்கவில்லை. நரம்பு அறுத்து விரல்களில் புண். "இன்னும் ஒரு தடவ" என்பீர்கள். அதற்குப் பிறகும் ஒரு தடவை இருக்கும். கடல் கொந்தளித்த ஒரு மழை நாளில் நானும் அக்காவும் உங்களை இழுத்துவர வந்தோம். அலை இடுப்பு வரை அடித்தது. அக்கா கையைப் பிடித்ததும் உதறித் தள்ளினீர்கள். அவள் தண்ணீரில் விழுந்தாள். நான்தான் தூக்கினேன். நீங்கள் தூண்டிலைப் பிடித்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மாமா, அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஓடிவந்து தூக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. கைதான் தூண்டிலை விடவில்லை.

டாக்டரிடம் சொல்லலாம் என்றேன். அக்கா மறுத்தாள். "மாத்திரைய கொறைச்சா மறுபடியும் அந்த நாற்காலிக்குப் போயிடுவாருடா. எனக்கு இந்த மனுஷன் வேணும்."

ஆனால் அடுத்த முறை டாக்டரிடம் போனபோது முதலில் பேசியது நீங்கள்தான். நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, "மாத்திரைய கொறைங்க டாக்டர். நாளைக்கு கேட்டீங்கன்னா வேணாம்னு சொல்லிடுவேன். இப்பவே எழுதிடுங்க" என்றீர்கள். அக்கா அழுதாள். இந்த வெறி மாத்திரையால் வருவதுதான், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், இதைச் சொன்னதே நல்லது என்றார் டாக்டர்.

அக்கா பயந்தபடியே ஆயிற்று. கடல் உங்களுக்கு மறந்தது. நாற்காலி, டிவி, "அப்பறம் பாக்கலாம்." அவள் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தனியாகத் திருவந்திபுரம் கோயிலுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டினாள். நான் ஆட்டோவோடு வாசலில் நின்றேன். நாற்காலிக் கைகளைப் பிடித்து எழப் பார்த்தீர்கள். முடியாமல் சாய்ந்தீர்கள். மறுபடியும் முயன்று எழுந்து நின்றீர்கள். சட்டையில் கையை நுழைக்கவே வெகுநேரம் ஆனது. பொத்தானைப் போட்டுவிட்டபடி அக்கா கேட்டாள்: "வரணும்னு தோணுச்சா?"

"தோணல. நீ தனியா போறியே."

ஆட்டோவில் அவள் உங்கள் தோளிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

அன்று உங்களை எழுப்பிவிட்டது எது மாமா? அதற்கும் ஒரு ரசாயனம் உண்டு என்று டாக்டர் சொல்லக்கூடும். இருக்கட்டும்.

இப்போது அக்கா வீட்டைவிட்டு இறங்குவதில்லை. கூப்பிட்டால், "தோணலடா" என்கிறாள். நான் திட்டுவதில்லை. சனிக்கிழமை வந்தால் எனக்கும் அவள் வீட்டுக்குப் போகத் தோணுவதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.