அவுரித் தோட்டத்துப் பங்களாவில் தண்ணீர் கேட்ட குரல்

அனுப்புநர்:
க. மணவாளன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
அவுரிமேடு, கும்மிடிப்பூண்டி வழி.

பெறுநர்:
வருவாய்க் கோட்ட அதிகாரி அவர்கள்.

பொருள்: குப்புராஜ் மரணம் – ஒலிநாடாவைக் கைப்பற்றி மறுவிசாரணை செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

"ஏன் சார், பேய்க்குத் தாகம் எடுக்குமா?" என்று என் பழைய மாணவி அஞ்சம்மாள் என்னைக் கேட்டாள். அதனால் தங்களுக்கு எழுதுகிறேன்.

1. எங்கள் ஊர்ச் சவுக்குத் தோப்புக்குள், வெள்ளைக்காரத் துரை அவுரி பயிரிட்ட காலத்துப் பங்களா ஒன்று பாழடைந்து கிடக்கிறது. அதில் ஆவி உண்டா என்று ஆராயச் சித்திரையில் சென்னையிலிருந்து ஒரு சங்கத்தார் டேப் ரிக்கார்டருடன் வந்தார்கள். வாசலில் கயிறு கட்டி, ஊரார் எவரையும் உள்ளே விடவில்லை.

2. அஞ்சம்மாளின் கணவர் குப்புராஜ் தொழிற்பேட்டையில் மண் சுமப்பவர். சங்கத்தார் வந்ததற்கு முந்திய மாலை தோப்பில் சுள்ளி பொறுக்கப் போனவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் உச்சிவேளையில் பங்களாவின் பின்புறமிருந்து, "தண்ணி... தண்ணி..." என்று குரல் வந்தது. அவரைத் தேடி வந்திருந்த அஞ்சம்மாள், "அது எங்க ஊட்டுக்காரரு குரலுங்க, என்ன உள்ள உடுங்க" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

3. பழகியவர் குரலில் பேய் அழைக்கும் என்று, உச்சிவேளையில் தோப்பிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் குரல் கொடுக்காதது எங்கள் ஊர் வழக்கம். இதை விசாரித்து வைத்திருந்த சங்கச் செயலாளர் பாக்கியநாதன், "நீ பதில் கொடுத்தால் உன் பிள்ளைகளைத்தான் பிடிக்கும்" என்றார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் பதிவு செய்தார்கள். குரல் நின்றதும் பெட்டியை மூடி, பொன்னேரியில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

4. நாற்றம் வந்த பிறகே பின்கட்டுப் பாழுங்கிணற்றில் குப்புராஜைக் கண்டோம். கால் முறிந்திருந்தது, தலையில் காயமே இல்லை. குடித்துவிட்டு விழுந்து அந்தக் கணமே இறந்ததாகப் போலீசார் விசாரணையை முடித்துவிட்டார்கள். கள்ளைத் தொட்டவரல்ல அவர். விழுந்த பிறகும் அவர் உயிரோடிருந்ததற்கு மிச்சமிருக்கும் சாட்சி அந்த ஒலிநாடாதான். 'மனிதத் தொண்டையில் வராத குரல்' என்று சொல்லிச் சங்கத்தார் அதைத் தர மறுக்கிறார்கள். சென்னையில் கூட்டம் கூட்டிப் போட்டுக் காட்டுகிறார்களாம், கைதட்டலும் உண்டாம்.

5. தான் பதில் கொடுக்காதது பேய்க்கா, புருஷனுக்கா என்று அஞ்சம்மாளுக்குத் தெரியவேண்டும். ஒலிநாடாவைக் கைப்பற்றி, அவளை அருகில் வைத்துக்கொண்டு கேட்டு, அறிக்கையைத் திருத்தி, கயிறு கட்டியவர்களை விசாரிக்க வேண்டுகிறேன்.

கிணற்றுக்குள் மனிதக் குரல் எப்படி மாறி ஒலிக்கும் என்பதை வகுப்பில் பானையை வைத்தே விளக்குவேன். தங்கள் அலுவலகத் தண்ணீர்ப் பானையைக் காலி செய்து, அதற்குள் முகத்தை வைத்து, "தண்ணி" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

இடம்: அவுரிமேடு
நாள்: 3-6-1972

க. மணவாளன்
(கையொப்பம்)