இடப்பக்கம் என்று நான் சொன்ன சத்தம்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், கையிலிருந்து கிரீஸ் வாடை போகவில்லை. காலையில் குடித்த காபியிலும் அதே வாடைதான். நேற்று கோரிப்பாளையத்தில் காசிம் பாயின் ஒர்க்‌ஷாப்பில், உன் வண்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பம்பருக்குப் பின்னால் முழங்கை வரைக்கும் கையை விட்டேன். காற்றடிக்கும் இடத்தில்கூட கீழே இறங்காதவள் என்று என்னை ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாயே, நீ அந்தக் கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சத்தம் நின்றுவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கேட்க உனக்கு எப்போதும் பொறுமை இருந்ததில்லை, முடிவு தெரிந்தால்தான் ஆரம்பத்தைக் காதில் வாங்குவாய்.

ஆனால் ஆரம்பம் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாற்பத்தேழு வயதில் என்னையும் இழுத்துக்கொண்டு போய் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாய். லைசென்ஸ் இருவருக்கும் வந்தது. வண்டி வாங்கும் துணிச்சல் உனக்குத்தான் வந்தது. ஒன்பது வருஷம் ஓடிய அந்த வெள்ளைக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, உன் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு பூசை போட்டுவிடலாம் என்றார். எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு நான் கார் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டாய். மனிதர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். காரில் போனால் தலை சுற்றும் என்று சொல்லி, உன் வண்டியில் ஏறவும் இல்லை. அதனால் ஆரப்பாளையத்திலிருந்து நாகமலை புதுக்கோட்டை ஆபீஸ் வரைக்கும் உன் பக்கத்து சீட் தினமும் எனக்கே கிடைத்தது.

மூன்றாவது மாதம், ஒரு சனிக்கிழமை, எங்கள் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டியைக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் சாவியைக் கையில் வைத்துவிட்டாய். திரும்பி வரும்போது கோச்சடையில், குழாய் பதிக்கத் தோண்டி மண்ணை மேலாக்கப் போட்டு மூடியிருந்த பள்ளத்தில், முன்பக்க இடது சக்கரத்தை இறக்கிவிட்டேன். வண்டியின் வயிறு தரையில் இடித்தது. என்னம்மா சத்தம் என்று அம்மா கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றேன். என் முதல் பொய் அம்மாவிடம்தான்.

வீட்டுக்கு வந்து சக்கரத்துச் சேற்றைக் கழுவினேன். மறுநாள் சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். நீயோ வண்டியின் முன்னால் நின்று, ஒரு கீறல் உண்டா பார், முன்னால் வைத்திருந்தவன் மகராசன் என்று பக்கத்து வீட்டம்மாவிடம் பீற்றிக்கொண்டிருந்தாய். நாளைக்குச் சொல்லலாம் என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை, ஆபீஸுக்குப் போகிற வழியில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் முன்னாலிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது.

"இவளே, கேட்டியா?" என்றாய். கேட்டது என்றேன். எந்தப் பக்கம் என்றாய். யோசிக்காமல் இடப்பக்கம் என்றேன்.

அடுத்த நாலு வருஷமும் நான் சொன்னது அது ஒன்றுதான். அந்தச் சத்தத்தைப் பிடிக்க நீ பட்ட பாடு! அதே ஸ்பீடு பிரேக்கரில் ஐந்து முறை ஏற்றி இறக்குவாய், அங்கே பூ விற்கிற அம்மா இது என்ன வேண்டுதல் என்று கேட்டது நினைவிருக்கிறதா? என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியோடு கூடவே ஓடி வருவாய். அந்தச் சத்தத்துக்கு மூணாவது ஆளு என்று பேர் வைத்தாய். அது கேட்டால், "மூணாவது ஆளு ஏறிட்டாரு, ரைட்" என்று கண்டக்டர் மாதிரி கதவைத் தட்டுவாய். நானும் சிரிப்பேன்.

ஆரப்பாளையத்தில் இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். இடப்பக்கச் சக்கரத்து ரப்பர் புஷ்ஷை மாற்றினார்கள், பால் ஜாயிண்டை மாற்றினார்கள், கடைசியில் ஷாக் அப்சர்பரையும் மாற்றினார்கள். மூணாவது ஆள் இறங்கவே இல்லை. மழை பெய்தால் மட்டும் சத்தம் வராது. அதைக் கண்டுபிடித்ததும் நீதான். ரப்பர் நனைந்தால் அப்படித்தான் என்று மெக்கானிக்குகள் தள்ளிவிட்டார்கள்.

எத்தனையோ தடவை நீ சொன்னாய், எனக்கென்னவோ நடுவில் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று. ஒவ்வொரு தடவையும் நான் உன்னை மடக்கினேன். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான், எனக்குத் தெரியாதா என்றேன். பள்ளத்தில் இறங்கியது இடது சக்கரம், சத்தம் வேறெங்கிருந்து வரும்? சக்கரத்தைச் சரி செய்துவிட்டால் நான் செய்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். காரணத்தைச் சொல்ல மாட்டேன், இடத்தை மட்டும் காட்டுவேன். என்ன பிறவியோ நான்.

பாம்பன் பாலத்தில் நீயே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது உன் ஆசை. ஒவ்வொரு மே மாதமும் கிளம்புவோம், ஒவ்வொரு மே மாதமும் தள்ளிப்போடுவாய். "இந்தச் சத்தத்தை வச்சுக்கிட்டு கடலுக்கு மேல ஏற மாட்டேன்டி, சக்கரம் கழண்டா நீந்தவா முடியும்" என்பாய். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய், வீட்டுக்குத் திரும்பவில்லை. கடைசியாக நீ கண் விழித்துப் பேசியபோது, வாரத்துக்கு இரண்டு தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணி வை, பேட்டரி இறங்கிவிடும் என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சரி, பேட்டரி என்றேன்.

நீ போன பிறகு அண்ணன் சாவியை என்னிடம் கொடுத்து, நீயே ஓட்டும்மா என்றார். ஒன்றரை வருஷம் சத்தத்தோடேயே ஓட்டினேன். எந்த மெக்கானிக்கிடமும் காட்டவில்லை. காட்டினால், இது எப்போதோ பள்ளத்தில் விழுந்து அடிபட்ட வண்டி என்று ஒருவன் சொல்லிவிடுவானே என்ற பயம்தான். உன் வண்டியைக் கெடுத்து, உன் பாலத்தையும் பறித்தவள் நான் என்று ஊருக்கே தெரிந்துபோகும். தெரியாமல் இருந்தால் மட்டும் நிம்மதியா? ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அது எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

இந்த மாதம் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. இன்னும் ஓடத் தகுதி உண்டு என்று ஆர்டிஓவில் எஃப்சி காட்ட வேண்டும். வேறு வழியில்லாமல் காசிம் பாயிடம் கொண்டுபோனேன். வண்டியை என் பேருக்கு மாற்றும் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் அண்ணனும் தனியாக பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

எந்தப் பக்கம் என்று பாய் கேட்டார். இடப்பக்கம் என்றேன், பழக்க தோஷம். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, கம்பியை விட்டு ஒவ்வொன்றாக நெம்பிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. நான் இதில் எங்கேயாவது பழைய அடி தெரிகிறதா என்று கேட்டேன். டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தார்.

"அடி பட்ட வண்டி இல்லக்கா இது. எல்லாம் நேராத்தான் இருக்கு."

அங்கே கிடந்த பழைய டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருஷமாக என் நெஞ்சில் கிடந்த பள்ளத்தை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் மூடிவிட்டார்.

பிறகுதான், மழையில் சத்தம் வராது என்று நீ கண்டுபிடித்ததைச் சொன்னேன். பாய் யோசித்தார். நனைந்து அமுங்குவது ரப்பராகவும் இருக்கலாம், துணியாகவும் இருக்கலாம் என்றார். வண்டியை இறக்கி, என்னை முன்னால் நின்று பம்பரை அமுக்கி அமுக்கி விடச் சொல்லிவிட்டு அடியில் படுத்தார். டொக். சக்கரத்தில் இல்லை, நீங்கள் நிற்கிற இடத்தில்தான் வருகிறது, பின்னால் கையை விட்டுப் பாருங்கள் என்று அடியிலிருந்தே சொன்னார்.

நான் நின்றது நட்டநடுவில்.

கையை விட்டேன். கம்பியில் கட்டித் தொங்கிய ஒரு பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. பாய் குறடால் கம்பியை வெட்டி எடுத்தார். கறுத்துப்போன சிவப்புத் துணி நைந்து கிழிந்திருந்தது, உள்ளேயிருந்து ஒரு குதிரை லாடத்தின் முனை எட்டிப் பார்த்தது. முன்பக்கம் குலுங்கும்போதெல்லாம் அந்த இரும்பு பம்பர் இரும்பில் இடித்திருக்கிறது. துணி நனைந்தால் சத்தம் அமுங்கியிருக்கிறது.

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அது தான் கட்டியது என்றார். நீ கோயிலுக்கு வர மாட்டேன் என்றதால், வண்டி வாங்கிய மூன்றாவது மாதம் அவரே பஸ் ஏறிப் போய், லாடத்தைப் பாண்டி சாமி காலடியில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். வண்டி என்னிடம் இருந்துவிட்டு வந்ததே, அதற்கு மறுநாள் விடியற்காலையில், நீ குளிக்கப் போன நேரத்தில் கட்டியிருக்கிறார். பார்த்தால் பிடுங்கி எறிந்துவிடுவாய் என்று பம்பருக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார். அதுதான் சத்தம் போடும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நீ சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், நல்லவேளை, சாமி காவலுக்கு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வாராம்.

சொல்லிக்கொண்டே வந்தவர் முகம் சட்டென்று சுருங்கியது.

"அப்ப அவ பாலத்துக்குப் போகாம இருந்தது என்னாலயாம்மா?"

இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் பள்ளம் ஒன்றும் செய்யவில்லை என்று பாயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாரம் முழுவதும் அவர் தோளுக்குப் போய்விட்டது. நான் அப்படியே கிளம்பிப் போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மனிதர் லாடத்தை வாங்கித் தன் வேட்டி முனையால் துடைக்க ஆரம்பித்தார், என்னால் முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கோச்சடைப் பள்ளம், சேறு கழுவியது, நடுவில் கேட்கிறது என்று நீ சொல்லச் சொல்ல இடப்பக்கம் என்று நான் அடித்துப் பேசியது. உன்னை உன் போக்கில் விட்டிருந்தால் முதல் மாதமே பம்பருக்குப் பின்னால் கையை விட்டிருப்பாய் என்றும் சொன்னேன்.

அண்ணன் லாடத்தைப் பெஞ்சின் மேல் வைத்தார். பிறகு, "பள்ளம் எம்புட்டு ஆழம் இருக்கும்?" என்றார். முழங்கால் அளவு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அழுகையும் கூடவே வந்தது, மறைக்கவில்லை.

"அவ வீட்டுல வந்து சொல்லுவாம்மா. எனக்கு நடுவுலதான் கேக்குது, ஆனா அவ இடப்பக்கம்ங்கிறா, அவ காது தப்பாதுன்னு."

அண்ணன் அதைச் சொன்னபோது சுருக்கென்றது. இப்போதும் இருக்கிறது. உன் காதை விட என் வாயை நீ நம்பினாய். பாலத்தை நீ பார்க்காமல் போனதில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி என்று நாங்கள் இருவரும் அங்கேயே ஒத்துக்கொண்டோம். பாதி என்றால் தூக்க முடிகிறது.

திரும்பும்போது அண்ணன் பஸ்ஸுக்குப் போகவில்லை. தலை சுற்றும் என்றெல்லாம் சொல்லாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தலை சுற்றியதே இல்லையாம். நீ ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அவருக்குப் பயமாம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆரப்பாளையம் வரைக்கும் ஏழு ஸ்பீடு பிரேக்கர், ஒன்றிலும் சத்தமில்லை. வீட்டுக்கு வந்து படுத்தவள், காலையில் பால்காரர் மணி அடிக்கும் வரைக்கும் அசையவில்லை.

இன்று ஆபீஸுக்கு வரும் வழியில் காளவாசலில், ஒரு ஷேர் ஆட்டோவுக்கு ஒதுங்கப் போய், சாலையோரப் பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு பின்னாலிருந்து கிறீச் என்று ஒரு சின்னச் சத்தம் வருகிறது. ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலேயே காசிம் பாய்க்குப் போன் போட்டேன். பின்னால் ஒரு சத்தம் என்றதும், எந்தப் பக்கம்க்கா என்று கேட்டார்.

"எந்தப் பக்கம்னு தெரியல பாய். ஆனா பள்ளத்துல இறக்குனது நாந்தான்."