தம்பிக்காக எண்பத்திரண்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று மருத்துவமனையில் என்னை 'அருமையான பொருத்தம்' என்றார்கள். கல்யாணம் பேசினபோதுகூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ரத்த வகை பொருந்துகிறது, திசு பொருந்துகிறது, இரண்டு சிறுநீரகமும் புதுசு போல இருக்கிறதாம். ஒன்றைத் தம்பிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சந்தோஷத்தில் எழுந்தேவிட்டேன். அறுவை டாக்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "ஒரே ஒரு சின்ன விஷயம்மா."

அந்தச் சின்ன விஷயம் நான்தான். தொண்ணூற்றாறு கிலோ. இந்த எடையோடு மேஜையில் படுக்கவைத்து அறுக்க மாட்டார்களாம். மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்து, தையல் ஆறவும் நாளாகும், எனக்கு மிஞ்சப்போகிற ஒற்றைச் சிறுநீரகத்துக்கும் பாரம். முதலில் எடை டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

தம்பிக்குப் போன் செய்தேன். டயாலிசிஸ் மெஷினில் படுத்திருந்தான். வாரத்தில் மூன்று மத்தியானம் அங்கேதான் போகிறது அவனுக்கு. "உன் கிட்னி வேணும்னா முதல்ல அதைச் சுத்தி இருக்கற அக்காவைத் தோண்டி எடுக்கணும் போலிருக்கே" என்றான். பூகோள வாத்தியார். தோண்டுகிற புத்தி எங்கே போகும்?

மார்ச் 4, புதன்

கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். நேராகவே நின்றிருக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

எடை டாக்டர் என்றால் குச்சி மாதிரி இருப்பார், மேஜைமேல் ஒரு ஆப்பிள் வைத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். சின்னப் பெண். உப்பின கன்னம். ஜலதோஷம் வேறு. நான் உள்ளே போகும்போது பிஸ்கட்டை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "ரெண்டே மாசம் டாக்டர். அம்பத்தஞ்சுக்கு வந்துடறேன்."

"அதென்ன அம்பத்தஞ்சு?"

"அதுதான் என்னோட சரியான எடை. கல்யாணத்தப்ப அப்படித்தான் இருந்தேன்."

"அப்ப உடம்பு எப்படி இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். டைஃபாய்டு வந்து எழுந்த மாதம் அது. கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. போட்டோவில் இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆசையில் அல்ல, நான் சரிந்து விழாமல் இருக்கத்தான். அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்போ இத்தனை வருஷமா ஒரு காய்ச்சக்காரியோட எடைக்கு ஆசைப்பட்டுட்டு இருந்திருக்கீங்க."

எனக்கு இது இதுவரை தோன்றவே இல்லையே!

பிறகு உயரம், ரத்த அழுத்தம், சர்க்கரை, வேலை எல்லாம் கேட்டார். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறேன், காலை முதல் சாயங்காலம்வரை காரில்தான் உட்கார்ந்திருப்பேன், பாஸ் ஆகிறவர்கள் எல்லாரும் கேக் வாங்கி வருவார்கள், மாட்டேன் என்றால் அவர்கள் மனசு புண்படும் என்றேன். "ரொம்பப் பேரை பாஸ் பண்ண வெச்சிருக்கீங்க" என்றார்.

கடைசியில், "எண்பத்திரண்டு" என்றார்.

"அறுபது?"

"எண்பத்திரண்டு."

"எழுபதாவது சொல்லுங்க டாக்டர்."

"அதெல்லாம் அப்புறம், வேணும்னா பாத்துக்கலாம். அறுவை டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். எண்பத்திரண்டுக்கு வந்தா போதும். ஆறேழு மாசம் எடுத்துக்கங்க."

கடையில் நான் விலையைக் குறைக்கப் பேசியிருக்கிறேன். இன்றைக்கு என்னையே குறைக்கப் பேரம் பேசி, தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"ஆறேழு மாசமா? அதுவரைக்கும் என் தம்பி—"

"தம்பியால காத்திருக்க முடியும். நீங்க பட்டினி கிடந்து குறைச்சீங்கன்னா அடி முதல்ல உங்க கிட்னிக்குத்தான். அப்புறம் எதை எடுத்துக் குடுப்பீங்க?"

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறேழு மாதமாம். நான் என்ன பாலமா கட்டுகிறேன்?

மார்ச் 16, திங்கள்

எனக்குத் துணையாக இவரும் சாப்பாட்டைக் குறைத்தார். ஏணியில் ஏறி இறங்கி ஏற்கனவே வயர் மாதிரி இருக்கிற எலக்ட்ரீஷியன். ஒரே வாரத்தில் இவருக்கு இரண்டு கிலோ போய்விட்டது. எனக்கு அரைக்கிலோ. பெல்ட்டில் புது ஓட்டை போட ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார். எடுத்து ஒளித்துவைத்தேன்.

ஏப்ரல் 8, புதன்

டாக்டர் ஒரு தட்டு வரைந்து காட்டியிருக்கிறார்: பாதிக்குக் காய்கறி, கால்வாசிக்கு முட்டையோ பருப்போ, மீதியில் சோறோ ரொட்டியோ. நான் அந்தத் தட்டில் பாதிதான் சாப்பிடுகிறேன். இந்த வாரம் அதிலும் பாதி. ராத்திரிக்கு வெந்நீர்.

எண்பத்தொன்பது! யாரிடமும் சொல்லவில்லை. ஒரேயடியாக எண்பத்திரண்டில் போய் நின்று எல்லார் வாயையும் பிளக்கவைக்கப் போகிறேன்.

தலைமுடி கொட்டுகிறது. முடிக்கும் எடை உண்டுதானே?

ஏப்ரல் 16, வியாழன்

எழுத வெட்கமாக இருக்கிறது.

என்னிடம் பாடம் படிக்கிற ஒருவனுக்குப் பயில்வான் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஜிம் நடத்துகிறான். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் நடுங்குவான். இன்று ரவுண்டானாவைச் சுற்றும்போது "அடுத்த ரோட்டில் திரும்பு" என்று நான் சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றுமே சொல்லவில்லையாம். அவன் பாட்டுக்குச் சுற்றியிருக்கிறான். மறுபடி சுற்றியிருக்கிறான். அப்புறம் திரும்பிப் பார்த்தால் மேடம் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து கிடக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக அழகாக நிறுத்தியிருக்கிறான். நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை. நிறுத்தின பிறகுதான் அழுதிருக்கிறான்.

கண் திறந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். "இறக்கி விடுப்பா, கனம்" என்றேன். "லேசாத்தான் இருக்கீங்க மேடம்" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. என் வாழ்க்கையிலேயே எனக்குக் கிடைத்த மிக அழகான பொய்.

ஏப்ரல் 17, வெள்ளி

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிற எண் ஏறியிருக்கிறது. தண்ணீரும் போதவில்லை, சாப்பாடும் போதவில்லை. அது பழையபடி இறங்குகிறவரை என் பெயரை நிறுத்திவைத்துவிட்டார்கள். 'அருமையான பொருத்தம்' இப்போது கிடப்பில்.

பள்ளிக்கூடம் விட்டதும் தம்பி நேராக வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கு உன் கிட்னி வேணாம்."

"என்னடா சொல்ற?"

"நான் கேட்டேனா? நீயாத்தான் தர்றேன்னே. இப்படிப் பட்டினி கிடந்து நீ போய்ச் சேர்ந்துட்டேன்னா நான் யார்கிட்டக்கா சண்டை போடுவேன்?"

போய்விட்டான். கதவைச் சாத்தின சத்தத்தில் இவர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

இவனுக்காகத்தானே செஞ்சேன்? வேற யாருக்காக? அதைப் புரிஞ்சுக்காம இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி— வேணாமாம்! சின்ன வயசுல நான் கடிச்ச பழத்தைக்கூடப் பிடுங்கித் தின்னவன் அவன். இப்ப வேணாமாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

போனை எடுக்க மாட்டேன் என்கிறான். இவர் இரண்டு முட்டை வேகவைத்துக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்துகொண்டார். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 25, சனி

சொல்லாமல் கொள்ளாமல் டயாலிசிஸ் வார்டுக்கே போய்விட்டேன். ஊசி குத்தின பிறகு நான்கு மணி நேரம் எங்கே ஓடுவான்?

ஆனால் நான் போனபோது வாசலில் இருக்கிற எடை மெஷின்மேல் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நாலு கிலோ! ரெண்டே நாள்ல! என்ன குடிச்சீங்க?"

"ஒண்ணும் குடிக்கல சிஸ்டர்."

"பொய் சொல்லாதீங்க."

"தர்பூசணி சாப்பிட்டேன். அது பழந்தானே?"

"பூமியில முக்கால் பாகம் தண்ணின்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க வாத்தியாரே. நீங்க அப்படி ஆகிடாதீங்க."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவனுக்கும் ஒரு எடை குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அறுபத்திரண்டு. அதற்கு மேல் ஏறுவதெல்லாம் வெளியே போகாமல் உடம்பில் தேங்கின தண்ணீர். மெஷின்தான் இழுத்தெடுக்க வேண்டும். அதிகமாக இழுத்தால் கால் பிடித்துக்கொள்ளும், இதயம் களைத்துவிடும். இதை ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை திருடன்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பல்லைக் கடித்தான். பிடித்துவிட்டேன்.

"நான் சாப்பிடாம ஏமாத்தினேன். நீ தின்னு ஏமாத்தியிருக்க" என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று எட்டிப் பார்த்தால் சிரிக்கிறான். எனக்கும் வந்துவிட்டது. எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"அறுபத்திரண்டுல நில்லு. நான் எண்பத்திரண்டுக்கு வர்றேன்" என்றேன்.

"சாப்பிட்டுத்தான் வரணும்."

"சாப்பிட்டுத்தான்டா."

"அப்போ வாங்கிக்கறேன்" என்றான், என்னவோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

மே 4, திங்கள்

டாக்டரைப் பார்க்கத் தம்பியையும் கூட்டிப்போனேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. எடை பார்த்தார். தொண்ணூற்றொன்று. இரண்டு கிலோ ஏறியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லது" என்றார்.

"ஏறியிருக்கு டாக்டர்."

"சாப்பிடறீங்கன்னு தெரியுது. கிட்னி எண்ணும் இறங்கியிருக்கு." பிறகு கேட்டார்: "யாருக்காகக் குறைக்கறீங்க?"

"இதோ, இவனுக்காகத்தான்."

"இவருக்கு வேண்டியது ஒரு கிட்னி. அவ்வளவுதான். மீதி இருக்கறது பூரா உங்களோடது. ஆபரேஷன் முடிஞ்ச அடுத்த நாள் எண்பத்திரண்டை விட்டுட்டு ஓடிடலாம்னு நினைச்சீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இருக்கற ஒண்ணை வெச்சுட்டு இன்னும் எத்தனையோ வருஷம் நீங்க நல்லா இருக்கணும். உங்களால அதுலயே இருக்க முடியுமான்னு பாத்துத்தான் அந்த எண்ணைச் சொன்னேன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கேக்?" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

"வாரத்துக்கு ஒரு துண்டு. உக்காந்து, ருசிச்சுச் சாப்பிடுங்க. கியர் மாத்திக்கிட்டே சாப்பிடக் கூடாது."

இது எப்படித் தெரிந்தது இவருக்கு?

ஜூன் 11, வியாழன்

பாடம் இல்லாத நேரத்தில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் போகிற போக்கில் வண்டியை மெதுவாக்கி, "ரிப்பேரா மேடம்? ஏறிக்கங்க" என்கிறார்கள். எல்லாருக்கும் விளக்கம் சொல்லியே நாக்கு இளைத்துவிடும்.

ஜூலை 20, திங்கள்

வாரக்கணக்காக எண்பத்தாறு. எடை மெஷினைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். இவர் பாட்டரி மாற்றிவிட்டு, "மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார். இந்த வீட்டில் யாருக்கு எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிவதே இல்லை.

டாக்டரிடம் புலம்பினேன். உடம்பு கொஞ்சம் நின்று பழகிக்கொள்கிறதாம், விடச் சொன்னார். சிக்னல் போல என்று நினைத்துக்கொண்டேன். ஹாரன் அடித்து ஆவதில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பயில்வான் பாஸ்! கேக்குக்குப் பதில் ஒரு பெரிய டப்பா நிறையப் புரதப் பவுடர் கொண்டுவந்தான். வாய் வைக்க முடியவில்லை. தம்பிக்கு எடை வாரம் பூரா அறுபத்து மூன்றைத் தாண்டவில்லை. நர்ஸ் அவனுக்கு நட்சத்திரம் போட்டாராம், கையில், பேனாவால். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான் நாற்பது வயதுக் குழந்தை.

அக்டோபர் 12, திங்கள்

எண்பத்திரண்டே அரை. அந்த அரைக்கிலோ சேலைக்கு என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம்தான் லிஃப்டில் ஏறாமல் படியேறி வந்திருந்தது நினைவுக்கு வந்தது.

நவம்பர் 10, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. இவர் கையை விடவே இல்லை.

நவம்பர் 15, ஞாயிறு

இரும முடியவில்லை, தும்ம முடியவில்லை, சிரித்தால் உயிர் போகிறது. அதற்காகவே எல்லாரும் வந்து சிரிப்பு மூட்டுகிறார்கள். மேஜையில் இருக்கும்போதே அவன் உடம்பில் வேலையைத் தொடங்கிவிட்டதாம் என் சிறுநீரகம். அன்றைக்குச் சாயங்காலம் நர்ஸ் வந்து, "பை நிறைஞ்சிடுச்சும்மா!" என்று சொன்னதும் இவர் கைதட்டினார். சிறுநீருக்குக் கைதட்டின குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஜனவரி 18, திங்கள்

எடை டாக்டரிடம் போயிருந்தேன். எண்பத்து மூன்று. ஒரு உறுப்பையே எடுத்துக் கொடுத்தும் எடை ஏறுகிறவள் நான் ஒருத்திதான் என்றேன். அது நூற்றைம்பது கிராம்தானாம். ரத்தம், அழுத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறது.

"இப்ப என்ன எடைக்கு வரணும்னு ஆசை?" என்று கேட்டார்.

அம்பத்தஞ்சு என்று வாய் தவறிக்கூட வரவில்லை. "இப்படியே இருக்கேன் டாக்டர்" என்றேன்.

பிப்ரவரி 5, வெள்ளி

தம்பிக்கு இப்போது மத்தியானங்கள் சும்மா கிடக்கின்றனவாம், என்ன செய்வதென்றே தெரியவில்லையாம். கிருமி தொற்றாமல் இருக்க முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து நின்றான். "கத்துக்குடு."

தலைநகரம் எல்லாம் தலைகீழாகச் சொல்கிறவனுக்கு எது கிளட்ச் எது பிரேக் என்று பிடிபடவில்லை. நாற்சந்தியில் மூன்று தடவை வண்டி அணைந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. நான் கத்தினேன்.

"கத்தாதக்கா! உள்ள உன்னோடது நடுங்குது."

"அது இப்ப உன்னோடதுடா. கியரைப் போடு."

போட்டான். தப்பான கியர்தான். ஆனாலும் வண்டி நகர்ந்தது.