அண்ணாச்சி தந்த கயிறு

ஆடி மாதம், வியாழன் இரவு

உப்பு மச்சான், இன்று கடையில் ஒரு கல்யாண வீட்டுக்காரி என்னை அறைந்துவிட்டாள்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். மகளுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க ஏரலிலிருந்து வந்தவள். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். பார்டர் தெரிய வேண்டுமென்று வழக்கம்போலச் சேலையை என் தோளில் போட்டுக் காட்டினேன். "ஒன் வீட்டுக்காரரு என்ன பண்ணுதாரு?" என்று கேட்டாள். "உப்பளத்துல இருந்தாவ. தை மாசம் தவறிட்டாவ" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

உடனே அடி விழுந்தது. "தாலியறுத்தவ தோள்ல கெடந்ததையா எம் மவ கட்டணும்?" என்று கத்தினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வேறு சேலை எடுத்து, கடையில் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுத்தான் போனாள். எனக்கு இன்னும் காது இரைகிறது.

சாயங்காலம் முதலாளி அண்ணாச்சி ஒரு மஞ்சள் கயிற்றை என் கையில் தந்தார். "ஏளா, நாளையிலேர்ந்து இதக் கட்டிட்டு வா. யாரு கேக்கப் போறா? கட்டலன்னா வேலைக்கு வராண்டாம்" என்றார்.

"கயிறும் தள்ளுபடியில வந்ததா அண்ணாச்சி?" என்று என்கூட நிற்கும் மேரி கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

வேறு கடை ஏறி இறங்க எனக்குத் தெம்பு இல்லை. கயிறு தலையணைப் பக்கத்தில் கிடக்கிறது. அன்றைக்கு நீ கட்டும்போது உன் கைவெடிப்பில் நூல் மாட்டிக்கொண்டது. உன் அக்காதான் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டாள். இதை நானே கட்டிக்கொண்டு போனால் உனக்குக் கோபம் வருமா, மச்சான்?