ஒருத்திக்காக ஒருத்தி

மார்ச் 4, செவ்வாய்

ஒரு திரைச்சீலையை இரண்டு அங்குலம் குறைத்து வெட்டிவிட்டேன். நல்ல துணி, வீண். கவனம் கடையில் இல்லை.

காலையில் எங்கள் இரட்டைப் பெண்களை இரண்டரை வயதுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். நர்ஸ் சின்னவளிடம், "உன் மூக்கு எங்க?" என்று கேட்டார். பெரியவள் எட்டித் தங்கையின் மூக்கைத் தொட்டு, "இதோ இருக்கு" என்றாள். "உனக்கு என்ன பழம் பிடிக்கும்?" அதற்கும் பெரியவள்தான்: "அவளுக்கு வாழைப்பழம்." நான்கு நிமிடம் முன்னால் பிறந்தவள். தோரணை என்னவோ நாற்பது வருடம் மூத்தவள் மாதிரி.

நாங்கள் சிரித்தோம். நர்ஸ் சிரிக்கவில்லை. பெரியவளின் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் சரிக்குறி விழுந்தது. "செருப்பு நீயே போடுவியா?" "போடுவேன்." "ஸ்பூன்ல சாப்பிடுவியா?" "சாப்பிடுவேன்." சின்னவளுக்குப் பேச்சு என்ற பகுதி முழுக்கக் காலி.

"காது நல்லா கேக்குது, சொல்றதும் புரியுது. ஆனா வாயைத் திறக்க இவளுக்குத் தேவையே வரலையே. தினம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரையும் தனித்தனியா வச்சுப் பாருங்க. ரெண்டு மாசத்துல பேசலைன்னா பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பறேன்" என்றார்.

மார்ச் 5, புதன்

மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. "நாமதான் கவனிக்காம விட்டுட்டோமோ?" என்கிறாள். இல்லை என்றேன். இல்லையா? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

இன்று முதல் காலையில் நான்கு மணி நேரம் சின்னவள் என்னோடு கடையில், பெரியவள் தன் அம்மாவோடு வீட்டில். படியிறங்கும்போது பெரியவள் அழுத அழுகை தெருமுனைவரை கேட்டது. சின்னவள் அழவில்லை. வெட்டும் மேசைக்கு அடியில், துண்டுத் துணிக் குவியலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 12, புதன்

திரைச்சீலை வளையங்கள் இருக்கும் டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். திட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒன்றுகூட மாறவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் ஒரு வார்த்தை இல்லை. நான்தான் ஓயாமல் பேசுகிறேன். நான் போனில் பேசுகிறேன் என்று நினைத்து ஒரு வாடிக்கையாளர் வாசலிலேயே கால்மணி நேரம் நின்றிருக்கிறார்.

மார்ச் 20, வியாழன்

வீட்டுக்குப் போனதும் மனைவி தாழ்ந்த குரலில், "பெரியவளுக்குக் கையால எதுவுமே செய்யத் தெரியலைங்க" என்றாள்.

செருப்பு வார் மாட்டத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டில் மூடி திறக்கத் தெரியவில்லை. ஸ்பூனைப் பிடித்தால் வாய்க்குப் போவதற்குள் கவிழ்கிறது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறாளாம், அங்கே யாரோ இருப்பது போல.

உட்கார்ந்து யோசித்தோம். வாரை மாட்டிவிடுவது யார்? மூடி திறப்பது யார்? தட்டைப் பக்கத்தில் இழுத்து ஊட்டுவது யார்? எல்லாம் சின்னவள். நாங்கள் பார்க்காமல் இல்லை. பார்த்தோம். "தங்கச்சிக்கு எவ்வளவு பாசம் பாரு" என்று போட்டோகூட எடுத்தோம். பேசுகிறவளுக்கு எல்லாம் தெரியும், பேசாதவளுக்கு ஒன்றும் தெரியாது — அவ்வளவுதான் எங்கள் கணக்கு. ஒருத்தி வாய், ஒருத்தி கை. இவ்வளவு நாளும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பிள்ளையாக இருந்திருக்கிறார்கள். பெற்றவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பெரியவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வராது" என்றாள். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. ஊட்டிவிடவா? கை போனது. மனைவி கண்ணாலேயே தடுத்தாள்.

மார்ச் 27, வியாழன்

பத்தரை மணி இருக்கும். அவசரத்தில் தவறான வளையத்தை எடுத்துவிட்டேன். மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"அது இல்ல. இது."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. குனிந்து பார்த்தால் பயந்துவிடுவாளோ என்று, பார்க்காமலே கையை நீட்டினேன். "எது?"

"இது."

கையில் வளையம் விழுந்தது. சரியான அளவு.

பிறகு வாசலுக்குப் போய் மனைவியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"உன் குரல்தான். கொஞ்சம் கட்டை."

ஏப்ரல் 9, புதன்

பெரியவள் செருப்பைத் தானே போட்டுக்கொண்டாள். கால் மாறித்தான். வாரும் ஒரு பக்கம்தான் மாட்டியிருந்தது. நாள் முழுக்க அப்படியே நடந்தாள். வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மே 6, செவ்வாய்

மறுபரிசோதனை. சின்னவளுக்குப் பயிற்சி தேவைப்படாது என்றார் நர்ஸ். பெரியவளின் படிவத்தில் சில சரிக்குறிகளை நாங்களே நீக்கச் சொன்னோம். அவர் ஒரு மாதிரி பார்த்தார். "எங்க பொண்ணு இன்னும் கத்துக்கிட்டிருக்கா" என்றாள் மனைவி.

மே 11, ஞாயிறு

கடை விடுமுறை. மதியம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் துணி மாதிரிகள் ஒட்டிய புத்தகத்தில் இரண்டு பக்கம் கிழிந்து கிடக்கிறது. பெரியவள் ஓடிவந்து, "அவதான் கிழிச்சா" என்றாள். பின்னாலேயே சின்னவள். அக்காவைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"நான் இல்ல. பூனை வந்துச்சு. பெரிய பூனை. கிழிச்சுட்டுப் போயிடுச்சு."

எங்கள் வீடு இரண்டாம் மாடி. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். தோள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

நான் மண்டிபோட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"எந்தப் பக்கமா போச்சு?"