கிணற்றுத் தண்ணீரில் கரையாத தூள்

சொல்வழி கேளாத என் அன்பு அண்ணைக்கு,

உங்கள் ஆண்டுத்திவசமும் முடிந்துவிட்டது. என் ஆத்திரம் முடியவில்லை. படத்துக்கு மாலை போட்ட கையோடு இதை எழுதுகிறேன்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அந்த அல்ஜினேட் தூளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கும் நான், அதில் ஐதரோஜெல் என்ற நீர்க்களி செய்து உங்கள் மிளகாய்க் கன்றுகளின் வேரடியில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். மழைத்தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

கேட்டீர்களா? "எங்கடை கிணத்துத் தண்ணி அமிர்தமடி. உனக்கு ஓட்டாலை வடியிற தண்ணியோ வேணும்?" என்று தூள் முழுவதையும் வாளிக்குள் கொட்டினீர்கள். அது கட்டி கட்டியாகத் திரண்டது.

நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கும் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதும் அதுதான். அந்தத் தண்ணீரில் உள்ள கல்சியம், அல்ஜினேட்டின் நீண்ட சங்கிலிகளைக் கரையும் முன்பே பிடித்துக் கட்டிவிடும். நன்றாகக் கரைந்த பிறகு கல்சியக் கரைசலில் துளித்துளியாக விட்டால், அதே சங்கிலிகள் வலையாகப் பின்னித் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளும். வேர் அதிலிருந்து குடிக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன், விட்டீர்களா?

மருதனார்மடம் சந்தைக்குப் போய், "தங்கச்சி கலப்படத் தூளாலை என்ரை தோட்டத்தைப் பழுதாக்கப் பாக்கிறாள்" என்றீர்கள். அதன்பின் களியை வைத்துப் பார்க்க ஒருவரும் எனக்கு ஒரு பாத்திகூடத் தரவில்லை. சொந்த அண்ணையே சொன்னால் யார் தருவார்கள்? பிறகு நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டீர்கள்.

இந்தக் கோடையில் உங்கள் மனைவி, என் மச்சாள், என்னிடம் வந்தார். "உம்மடை களியைச் செய்து தாரும். தனிய நிண்டு நெடுக இறைக்க எனக்கு ஏலாது" என்றார். தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீரில் செய்து கொடுத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் இறைத்தும் மச்சாளின் கன்றுகள் வாடவில்லை.

இப்போது சந்தையில் என்ன கதை தெரியுமா? "அவர் கெட்டிக்காரன். சாக முன்னம் மனுசிக்கு நல்ல முறையொண்டு சொல்லிக் குடுத்திருக்கிறார்." மச்சாளும் மறுக்கவில்லை. கேட்டால், "செத்த மனுசன், பேர் அவருக்கே கிடக்கட்டுமன்" என்கிறார்.

"ஓம், நான்தான் பிழை" என்று உங்கள் வாயாலேயே சொல்ல வைக்க இருந்தேன். அதற்குக்கூட நிற்காமல் ஏன் போனீர்கள்?

நாளைக்குச் சந்தைக்குப் போய், நடந்ததை எல்லார் முன்னாலும் சொல்வேன். செத்தவரைப் பற்றி இப்படிக் கதைக்கலாமோ என்பார்கள். கதைப்பேன். நீங்கள் எழும்பி வந்து என்னோடு சண்டை பிடித்தால்தான் நிறுத்துவேன்.

இப்படிக்கு,
உங்களோடு கூடப்பிறந்த ஒரே தங்கச்சி